இருபத்திநாலு, இருபத்திமூணு

கருங்கல் சந்தைக்குப் பின்னால்
உரக்கடை மாடியில் ஒரு கேரம் பலகை,
அதன்மேல் தொங்கும் ஒற்றை பல்பு.
யூரியா வாசம்.
குறும்பனையிலிருந்து நாங்கள் நாலுபேர்.
ஐந்தாமவன் டார்வின் ஆழ்கடலில் இருந்தான்,
போன் எடுக்கவில்லை.

மாவட்ட லீக், மூன்றாம் பிரிவு.
இரண்டு ஒற்றையர், ஒரு இரட்டையர்.
ஜெயித்தால் ரெண்டு பாயிண்ட்,
தோற்றால் கட்டஞ்சாயா மட்டும்.
முதல் ஒற்றையரை ஷிபு எடுத்தான்.
இரண்டாவதில் அவர்களுடைய பெனட்,
வாழைக்குலை ஏலம் எடுக்கிறவன்,
எங்கள் அமலதாசனைச் சீப்புச் சீப்பாய் அறுத்து வைத்தான்.

இரட்டையருக்கு உட்காரும்போது எட்டரை.
கடைசி பஸ் ஒன்பது இருபது.
எனக்கு எதிரே லிகோரியுஸ்,
தூண்டில் கிழித்த ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி,
அதனால் நடுவிரலால் அடித்தான்.
ஆனி மழை. பலகை ஊறிக்கிடந்தது.
எவ்வளவு பவுடர் தூவினாலும்
ஸ்ட்ரைக்கர் மறுவீட்டு மாப்பிள்ளை மாதிரி
நாலடி நடந்து நின்றுகொண்டது.
“சவத்துப் பலகை” என்றான் ஷிபு.
“உங்க கடல்ல கொண்டு போடுங்கடே” என்றது சன்னலோரம் ஒரு குரல்.
சிரிப்பு. நாங்களும் சிரித்தோம், கொஞ்சம் தாமதமாக.

இருபத்திநாலு எங்களுக்கு,
இருபத்திமூணு அவர்களுக்கு.
பலகையில் எங்கள் கறுப்பு ரெண்டு, அவர்கள் வெள்ளை ரெண்டு,
நடுவில் ரெட்.
இருபத்திரண்டைத் தொட்டுவிட்டால்
ரெட்டுக்கு ஒரு பாயிண்டும் கிடையாது.
ஆனாலும் அதைப் போடாமல் ஆட்டம் முடியாது.
போட்டால் மட்டும் போதாது,
பின்னாலேயே ஒரு காய் ஃபாலோ போகவேண்டும்.
இந்த விதியை எழுதினவன்
கல்யாணம் ஆனவனாக இருக்கவேண்டும்.

லிகோரியுஸ் ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்தான்,
எடுத்தான், வேட்டியில் துடைத்தான், திரும்ப வைத்தான்.
பெனட் மூச்சை அடக்கிக்கொண்டு
ரெட்டையே பார்த்தான்.

கரண்ட் போனது.

இருட்டில் ஒரு சுண்டல்,
பக்கக்கட்டையில் ஒரு தட்டு, எதிர்க்கட்டையில் இன்னொன்று,
பிறகு வலைப்பைக்குள்
பொத்தென்று ஒரு விழுதல்.
யாரும் அசையவில்லை.
ஓட்டில் மழை மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

மூன்று செல்போன் வெளிச்சத்தில் பார்த்தோம்:
மூலைப்பையில் ரெட்,
பலகை நடுவில் ஸ்ட்ரைக்கர்,
ஒன்றுமறியாத முகத்துடன்.

“லைட் போனபிறகு அடிச்சது, செல்லாது.”
“முன்னாடியே கை விட்டாச்சுடே.”
“எவன் கண்டான்?”
“எவன் காணல?”
நடுவர் சுகதேவன், எல்.ஐ.சி. ஏஜெண்ட்,
விதிப்புத்தகத்தை டார்ச்சில் புரட்டினார்.
நகம் வெட்டுவது பற்றிக்கூட ஒரு பக்கம் இருந்தது.
கரண்ட் பற்றி ஒரு வரி இல்லை.
கீழே பஸ் ஹாரன் அடித்தது, ஒருமுறை,
இன்னொருமுறை, பிறகு தெருமுக்கில் மங்கலாக.

அடுத்த ஞாயிறு கடைசி போர்டை மட்டும் திரும்ப ஆடுவது
என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்.
யாருக்கும் பிடிக்காததால்
அது நியாயமாகத்தான் இருக்கவேண்டும்.

பெனட்டின் டெம்போவில்தான் ஊர் திரும்பினோம்,
குலைகளுக்கு நடுவே தார்ப்பாயின்கீழ்
முழங்கால் முழங்காலோடு இடிக்க.
பாலப்பள்ளம் தாண்டியதும் லிகோரியுஸ்
என் காதோரம் குனிந்தான்.
“லைட் போனபிறகுதான்லேய் அடிச்சேன்.”
நான் திரும்பிப் பார்த்தேன். முகம் தெரியவில்லை.
“இருட்டுனதும் தூரம் சரியாத் தெரிஞ்சுது.
வெளிச்சத்துல அது எனக்கு விழுந்திருக்காது.”
அவன் வாழ்நாளின் மிகச்சிறந்த அடி,
அதை அவன் அடிக்கவில்லை என்றுதான்
இனி எல்லா இடத்திலும் சொல்லவேண்டும்,
அல்லது பொய் சொல்லவேண்டும்.
பிளாஸ்திரி விரலைச் சப்பிக்கொண்டு
பேசாமல் வந்தான்.

இறங்கும்போது பெனட்
ஒரு சீப்பு மட்டிப்பழத்தை அவன் கையில் திணித்தான்.
“ஞாயித்துக்கிழமை பாக்கலாம்.”
கியர் போட்டு, கொஞ்சம் நகர்ந்து, தலையை வெளியே நீட்டி,
“அந்தச் சத்தம் கொள்ளாம், கேட்டியா.”