பழுது

வேலூருக்கு ஒரு வசவு உண்டு:
தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை.
காட்பாடியில், கல்லூரி மொட்டைமாடித் தகரக் கொட்டகையில்
கண்ணுக்கு இல்லாததை எண்ணுவதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.

கட்டில் அகலத்துக்கு ஒரு பலகை. அதன் கீழே இன்னொன்று.
இரண்டும் ஒரே கணத்தில் மின்னினால் ஒன்று.
நிமிடத்துக்கு எட்டாயிரத்து இருநூறு,
நூறு முன்னே பின்னே.
உள்ளங்கையை விரியுங்கள்: நொடிக்கு ஒன்று
ஊடே போய்க்கொண்டிருக்கிறது,
கேட்காமல், வலிக்காமல்.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை மதியம்
சூரியன் தும்மியது, நடுமுகத்துக்குச் சற்றே மேற்கே.
ஒளி எட்டு நிமிடத்தில் வந்தது.
புரோட்டான்கள் அரைமணி கழித்து.
குடியாத்தம் பக்கம் கடலைக் கொல்லையில்
தெளிப்பான் சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள்:
ஒவ்வொரு துளியும் நேராகத்தான் ஓடுகிறது,
எல்லாம் சேர்ந்தால் வளைந்த வால்.
இருபத்தேழு நாளைக்கு ஒருமுறை திரும்பும் தெளிப்பான் சூரியன்.
அந்த வாலைப் பற்றிக்கொண்டு
கம்பியில் விட்ட வளையல்போல்
சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்தன.

எங்கள் கொட்டகைக்கு ஒன்றுகூட வரவில்லை.
இந்த அட்சரேகையில் பூமியின் காந்தம்
சில்லறைப் பேர்வழிகளை உள்ளே விடாது.
மேலே ஏதோ ஒரு செயற்கைக்கோள் அடி வாங்கியதாம்.
நான் தயிர்சாதம் சாப்பிட்டேன்.

சனி விடியற்காலை எண்ணிக்கை இறங்கியது.
எட்டாயிரத்து நாற்பது. ஒரு மணி நேரச் சராசரி. இரண்டு மணி நேரம். மூன்று.
வெளியே மழை. காற்றழுத்தம் குறைந்தால்
எண்ணிக்கை கூடத்தான் வேண்டும்.
அதையும் கழித்துப் பார்த்தேன்:
இன்னும் கீழே.

சோளிங்கரில் கல்யாண வீட்டிலிருந்து தசரதன் சார் கத்தினார்,
நாதஸ்வரத்துக்கு மேலே:
"கேபிள்தாம்மா! இல்லேன்னா ஒழுகியிருக்கும்!"
முனிரத்தினம் ஏணியைப் பிடிக்க
ஒவ்வொரு மறையாக முறுக்கினேன்.
மின்பெட்டிக்குள் ஒரு பல்லி.
அதுதான் என்று இருவருக்கும் ஒரு நிம்மதி.
பதிவேட்டில் எழுதினேன்: பழுது.
பல்லி போன பிறகும்
எட்டாயிரத்து நாற்பது.

நாங்கள் எண்ணுவது சூரியனின் பிள்ளைகளை அல்ல.
எங்கோ நட்சத்திரம் வெடித்துக் கிளம்பி
லட்சக்கணக்கான வருடம் அலைந்தவற்றின் சிதறல்களை.
சூரியக் காற்று ஓயும் எல்லையைத் தாண்டிய பிறகும்
இங்கே வர இன்னும் மாதங்கள்.
எதிரே ஓயாத காற்று, வழியெல்லாம் காந்தச் சிக்கல்.
ஆம்பூர் பாசஞ்சர்போல:
மேல்பட்டியில் நின்று, வளத்தூரில் நின்று,
லத்தேரி வரை வந்துவிட்டு
காரணமே இல்லாமல் காவனூருக்குத் திரும்பி,
அப்புறம் மறுபடி.

வியாழன் தும்மலின் மேகம்
ஒன்றரை நாள் நடந்து வந்து
எங்கள் மேல் கவிந்திருந்தது.
லெவல் கிராசிங்கில் தடியை இறக்குகிற மாதிரி
அந்நியர்களில் கொஞ்சம் பேரை
வெளியிலேயே நிறுத்தியிருந்தது.
சீற்றம் என்று பயந்தது
ஒரு முந்தானை.

திங்களன்று தெரிந்தது:
வேறு ஊர்க் கருவிகளிலும் அதே மணி, அதே சரிவு.
அங்கே எத்தனை பல்லிகளோ.

அந்தச் சனிக்கிழமைதான் என் நாத்தனார் மேகலாவுக்குப்
பேரணாம்பட்டில் பெண் குழந்தை.
மற்ற நாளில் பிறந்தவர்களைவிட
நூற்றுக்கு இரண்டு குறைவாகத் துளைக்கப்பட்டவள்.
தொட்டிலருகே இதைச் சொல்ல வாய் வந்தது.
சொன்னால் திருஷ்டி சுற்றுவார்கள்,
அவளுக்கு இல்லை, எனக்கு.

பதிவேட்டில் அழிக்கக் கூடாது,
ஒற்றைக் கோடு போடலாம்.
போட்டேன். கோட்டுக்கு அடியில்
'பழுது' இன்னும் வாசிக்க முடிகிறது.
பக்கத்தில் எழுதினேன்: குறைந்தது, அவ்வளவே.

வெள்ளி மாலை, பாலாற்றுப் பாலத்தில் பஸ் நின்றபோது
முனிரத்தினம் போன் செய்தார்.
எட்டாயிரத்து நூற்று எழுபது.
முழுசாய் இன்னும் வரவில்லை.