உப்புச் சோதனை

கொதிக்கும் நீரில் சிட்ரேட் விட்டதும்
மஞ்சள் முதலில் நிறமே இல்லாமல் போகும்.
பிறகு சாம்பல்,
பிறகு நாவற்பழம் தின்ற நாக்கு,
பன்னிரண்டாம் நிமிடம்
மாதுளைச் சாறு.
தங்கம் இப்படித்தான் இருக்கும்,
போதுமான அளவுக்குச் சிறிதாக்கினால்.

சத்துவாச்சாரி அடகுக்கடைக்காரரிடம்
இதைச் சொல்லிப் பார்த்தேன்.
என் இரண்டேகால் சவரன் அவர் பெட்டகத்தில் இருக்கிறது.
"சிவப்புத் தங்கத்துக்கு இங்க ரேட் இல்லைம்மா."

குடுவை கழுவ ராஜதிராவகம்.
ராஜா இல்லாத கோட்டை ஊரில்
அந்தப் பட்டம் அதற்கு மட்டும்தான் மிச்சம்.
ஒரு விரல்ரேகை ஒட்டியிருந்தாலும் போதும்,
ஒரு மாத உதவித்தொகை நீலமாகிவிடும்.
ஆகியிருக்கிறது, மூன்று முறை.
மூன்றாம் முறை கரண்ட் போயிருந்தது.
அழுதிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.
அழவில்லை.

ராணிப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் தஸ்னீம்
வீட்டு போர்த் தண்ணீரை ஒருநாள்
பாட்டிலில் கொண்டுவந்தாள்.
தோல் ஷெட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு.
"இதுல சோறு வடிச்சா உப்பே போட வேணாம்க்கா."
வெறுந்தங்கத்தில் இரண்டு சொட்டு விட்டோம்.
கண்ணெதிரே நீலம்.
லாரியில் ஏற்றிய ஆடுகள்போல்
துகள்மேல் துகள் நெருக்கிக்கொண்டு.
பாலாறே, உன் பெயரில் மட்டும்தான் பால்.

மேனோஸ் பூசிய தங்கத்தில்
இரண்டு சொட்டு, பத்து, இருபது.
சிவப்பு அசையவில்லை.
தஸ்னீம் கை தட்டினாள்:
"சர்க்கரை நல்லதுகூடப் பண்ணுமா!"
அவள் அத்தாவுக்கு இடது காலில்
இரண்டு விரல் இல்லை.

ரத்த வங்கியிலிருந்து
பெயர் கிழித்த பை வரும்.
எண் மட்டும் இருக்கும்.
அண்ணனின் ஆபரேஷனுக்குத் துணையாக
வங்காளத்திலிருந்து வந்தவரோ,
பள்ளிகொண்டாக்காரரோ.
வெள்ளணுக்களைப் பிரித்து
ஆறு நாள் தட்டில் வளர்த்தால் பெருவிழுங்கிகள்.
கண் கிடையாது அவற்றுக்கு.
தடவித் தடவித்தான் வாசிக்கும்.
எல்லா உயிரணுவும் சர்க்கரை உடுத்தியிருக்கிறது;
ஏ குரூப், பி குரூப் என்பதே
நுனியில் எந்தச் சர்க்கரை என்கிற தகராறுதான்.
மேனோஸ் தட்டுப்பட்டால் பூஞ்சையோ என்று கவ்வும்.
சயாலிக் தட்டுப்பட்டால் நம்மாள், போகட்டும்.
ஒரே தங்கத்துக்கு இரண்டு சட்டை மாட்டி
உள்ளே அனுப்புவது என் வேலை.

காட்பாடி காந்தி நகரில் வீடு பார்க்கப் போனேன்.
வீட்டுக்காரம்மா பெயர் கேட்டார்.
எப்சிபா.
"முழுப் பேரு?"
அதுதான் முழுப் பேர்.
"சொந்த ஊரு?"
குடியாத்தம்.
"குடியாத்தத்துல எந்தப் பக்கம்?"
தடவித் தடவி.
கறி சமைப்பீங்களா என்று கேட்பதற்குள்
நான் ஒரு சிரிப்பைப் பூசிக்கொண்டிருந்தேன்.
வீடு வேறு யாருக்கோ சொல்லியாகிவிட்டதாம்.
கேட்டில் வாடகை போர்டு
மறுவாரமும் தொங்கியது.

அன்றிரவே தட்டைப் படித்தேன்.
அணு கூச்சலிட்டிருந்தால் குழி மஞ்சளாகும்.
மேனோஸ் குழிகள் எலுமிச்சை ஊறுகாய்.
சயாலிக் குழிகள் கஞ்சித் தெளிவு.
ஆறு பைகளும் பாடத்தில் உள்ளபடி.
ஏழாவது மட்டும்
இரண்டு சட்டைக்கும் ஒரே வெளிர் மஞ்சள்.
மைக்ரோஸ்கோப்பில் போய்ப் பார்த்தேன்.
இரண்டையும் உள்ளே எடுத்துக்கொண்டிருந்தது.
சத்தம் போடவில்லை.

மறுபடி செய்தேன், அப்படியே வந்தது.
"ஒரு பையை வெச்சு என்ன சொல்ல முடியும்?
வரைபடத்துல இருந்து எடுத்துடு" என்றார் கைடு.
எடுக்கவில்லை இன்னும்.

யாருடைய ரத்தம் என்று கேட்க விதியில்லை.
திங்கள் காலை டோக்கன் வரிசையில்,
ஆற்காடு பஸ்ஸின் படிக்கட்டில்,
முகங்களைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்க்கிறேன்.
ஃப்ரீசரில்
ஒரு குப்பி மிச்சம் இருக்கிறது.