வெருலம் கோர்ட் ஏடு

"பக்கத்துக்கு இரண்டு ராண்ட்.
கைதானவர் உங்களுக்கு என்ன வேணும்?"
நோம்சா கேட்டாள், ரசீதிலிருந்து தலை தூக்காமல்.

கிஸ்தென்சாமி. இல்லை.
கே-யை ஜி ஆக்கி, சாமியை வெட்டி,
எழுதிய வெள்ளைக்காரனின் காதால் கேட்டுப் பார்த்து
மூன்றாம் நாள் மதியம் அகப்பட்டார்.

குற்றம்: சீட்டில்லாமல் தோட்டம் தாண்டியது.
தாண்டியவள் அஞ்சலை.
பிள்ளைக்குக் காய்ச்சல் என்றிருக்கிறாள்.
ஏழு நாள்.

அவர் வலக்கோடியில்,
பிடித்துக் கொடுத்தவர் கட்டத்தில். சர்தார்.
கைநாட்டு மை இன்னும் அப்படியே.

ஜெயிலுக்குப் போன மனுஷன் என்று
வெள்ளிதோறும் படத்துக்குப் பூ வைக்கிறோம்.
சரிதான், போயிருக்கிறார்;
வாசல் வரைக்கும்.

நோம்சா பேனாவோடு காத்திருந்தாள்.
"உறவில்லை" என்று எழுதச் சொன்னேன்.
அட்டையின் பின்புறம் திருப்பினேன்:
அஞ்சலையைக் கேட்டு இதுவரை
ஒருவரும் வரவில்லை.