செத்தது, இருப்பது

ஆறாம் எண், நாவல்: காட்டெருமை மிதித்தது.
ஏழு: அதே.
எட்டு எங்கே என்றே தெரியவில்லை,
கேள்விக்குறி போட்டேன்.
ஒன்பது என்று எழுதி நிமிர்ந்தால்
குச்சி மட்டும் நிற்கிறது
சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டு,
பரிசு வாங்க வந்தது போல.

மூங்கில்பள்ளத்துக் காட்டுக் குழுவில்
எனக்கு நோட்டு வேலை.
பத்தாவது வரை போனவள் நான் ஒருத்திதான்.
முழங்கால் வலி, சரிவேற மாட்டேன் என்றேன்.
"செத்ததை எழுத
செத்த இடத்துக்கு வரத்தான் வேணும்"
என்றாள் வெள்ளச்சி.

பதினோரு ஏக்கர்.
காபி போட்டு, காபியைக் கைவிட்டு,
சில்வர் ஓக் நட்டு, அதையும் லாரியில் ஏற்றிய பிறகு
மிச்சம் கிடந்த மண்.
உண்ணிச்செடியைத் தவிர
எவரும் அதைச் சொந்தம் கொண்டாடவில்லை.
நாங்கள் கேட்ட அன்றைக்குத்தான்
நாலு பேருக்கு அதன் ஞாபகம் வந்தது.
கிராம சபைத் தீர்மானம், கையெழுத்து, கைநாட்டு,
சேலத்துக்கு ஒன்பது தடவை பஸ்.
இருபது கொண்டை ஊசி வளைவும்
வாந்தியில் எனக்கு மனப்பாடம்.

முதல் வருஷம் முந்நூறு கன்று.
கயிறு பிடித்து, பத்தடிக்கு ஒரு குழி,
பள்ளிக்கூடத்துக் காலை வணக்கம் போல வரிசை.
போட்டோகூட எடுத்தோம்.
சித்திரையில் எண்ணினேன்: நாற்பத்தொன்று.
நோட்டை மூடி அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தேன்.
ரெண்டு நாள் யாரிடமும் பேசவில்லை.

தீர்த்தன்தான் அந்தப் பாறையைக் காட்டினான்.
மரநாய் ஒன்று
கரியராமன் சாமி காட்டில் பழம் தின்றுவிட்டு
ராத்திரி ராத்திரி இங்கே வந்து
இருந்துவிட்டுப் போகிறது.
கிளறிப் பார்த்தால், கழுவி வைத்த மாதிரி விதைகள்:
நாவல், இச்சி, பெயர் தெரியாத ஒன்று.
மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.
பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டே பொறுக்கினோம்.
ஊர் முழுக்கப் பால் கவர் சேர்த்து
மண் நிரப்பி, விதை போட்டு,
முளைத்ததைத் தோன்றிய இடத்தில் வைத்தோம்.
கயிறு பிடிக்கவில்லை.
உண்ணியை மட்டும் வேரோடு பெயர்த்து
வானம் பார்க்கத் தலைகீழாகக் கிடத்தினோம்.
அது அப்படியும் ஒரு வாரம் பூத்தது, சனியன்.

எல்லையில் நாலு சில்வர் ஓக் மிச்சம்.
இந்த மலைக்கு அது வந்தேறி, வெட்டு என்றது ஒரு பாதி.
அதில் படர்ந்திருந்தது பூங்காவனத்தின் மிளகு.
"என் மக நர்ஸிங் பீஸு
அந்தக் கொடியிலதான் ஏறுது" என்றாள்.
கூட்டம் ராத்திரி பதினொன்று வரை.
கீழே சேலம் முழுக்க விளக்கு,
மேலே எங்களிடம் ஒரே ஒரு டார்ச்,
அதையும் அவள் முகத்தில் அடித்துப் பேசினார்கள்.
நான் பிடுங்கி அணைத்தேன்.
தீர்மானம் பதினான்கு:
நாலு மரம், மூன்று வருஷம், அப்புறம் பார்க்கலாம்.
வெள்ளச்சி கையெழுத்துப் போடவில்லை.
இன்னமும் போடவில்லை.

நேற்று எண்ணப் போனோம்.
இருநூற்றுப் பன்னிரண்டு வரை வந்தது கணக்கு.
மூன்றாவது சில்வர் ஓக்கின் கவட்டையில்
பச்சையாக என்னமோ.
கல்லிச்சி.
மிளகுக்கொடியோடு கொடியாக ஒரு வேர்
இறங்கிக்கொண்டிருக்கிறது கீழே,
சுண்டுவிரல் தடிமன்,
மண்ணுக்கு இன்னும் ஓர் ஆள் உயரம்.
வெட்டலாமா கூடாதா என்று நாங்கள் தொண்டை கிழிந்த மரத்தை
அது யாரையும் கேட்காமல்
கட்டிப்பிடிக்கத் தொடங்கியிருக்கிறது.
பூங்காவனம் அண்ணாந்து பார்த்து
"இது என் மிளகை என்ன செய்யும்?" என்றாள்.
ஒருவரும் பதில் சொல்லவில்லை.

என் நோட்டில் ஒரு கட்டம் உண்டு: நட்டவர் பெயர்.
மரநாய் என்று எழுதினேன்.
தீர்த்தன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து
"குக்குறுவானாக்கூட இருக்கலாம்" என்றான்.
அடித்தேன்.
கேள்விக்குறி போட்டேன்.
மூடுபனி வந்து
அடுத்த மரம் தெரியவில்லை.
மீதியை நாளைக்கு எண்ண வேண்டும்.