பதினேழாம் நெடுஞ்சாலையில் ஒரு பேருந்து நிற்கிறது

நார்சிஸ் என்று பலகை இருக்கிறது,
ஊர் என்று சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை.
இலை விடாத ஆஸ்பென் மரங்கள்,
பள்ளத்தில் இன்னும் உருகாத அழுக்குப் பனி,
சுண்ணாம்புப் பாறை உள்வாங்கிச் சரிந்த குழிகள்.
மே மாதத்து முதல் நல்ல வெயிலுக்கு
குழிகள் கொதிக்கத் தொடங்கும்.

பதினோரு வருடமாக
மூன்றாம் வகுப்பை ஏற்றி வருகிறேன்.
பதினோரு வருடமாக
வண்டியை விட்டு இறங்கியதில்லை.
எஞ்சினைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்பேன்.
எஞ்சின் அணைந்துதான் கிடக்கும்.
ஆசிரியை ஸ்வாவாவுக்குத் தெரியும்,
கேட்கமாட்டாள்.

இந்த முறை லூசியனும் இறங்கவில்லை.
கடைசி இருக்கையில்
பூட்ஸ் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு
"வயிற்றுவலி" என்றான்.
"எனக்கும்" என்றேன்.
டப்பாவிலிருந்த வெள்ளரி ஊறுகாயை
ஆளுக்கொன்று கடித்தோம்.
அவன் உதடு நீலம் பாரித்திருந்தது.
கொஞ்ச நேரம் எஞ்சினை ஓடவிட்டு
ஹீட்டர் போட்டேன்.

அணைத்த பிறகு கேட்டது.
முதலில் பிள்ளைகளின் கூச்சல்,
கூச்சல் தானாக அடங்கியதும்
அது.
சருகின் மேல் தூறல் விழுவதுபோல.
வானமோ துடைத்துக் கவிழ்த்த பீங்கான்.
ஆயிரமாயிரம் வயிறுகள்
ஒரு குளிர்காலத்தைத் தரையில் தேய்த்துக் கழிக்கும் ஓசை.
லூசியன் ஜன்னல் கண்ணாடியை ஏற்றினான்.
நான் என் பக்கத்து ஜன்னலையும்.

திரும்பி வந்தவர்கள் ஒரே நேரத்தில் பேசினார்கள்.
நூல்கண்டு மாதிரி ஒரு பிணையல்,
நடுவில் ஒரே ஒரு பெண்,
சுற்றி ஐம்பது அறுபது ஆண்கள்,
யாருடைய வால் யாருடைய தலைக்கு என்று
அதுகளுக்கே தெரியாது,
உருண்டு உருண்டு பள்ளத்தில் விழுந்தது மிஸ்!
ஸ்வாவா ஒன்று சேர்த்துச் சொன்னாள்:
பிந்தி வெளிவரும் சில ஆண்கள்
உடம்பில் பெண்ணின் வாசம் ஏந்தி வருமாம்.
மற்றவை பெண்ணென்று நம்பி வந்து மொய்க்க
நடுவில் கிடந்து சூடேற்றிக்கொண்டு
வாசம் தீர்ந்ததும் தன் வழியே போய்விடுமாம்.
"ஏமாற்று வேலை" என்றது முன்வரிசை.
"குளிர்" என்றாள் அவள்.

தலை எண்ணினேன். இருபத்தேழு.
சாவியில் கை வைத்தபோது
பின்னாலிருந்து அலறல்:
"ஓரிசியா! வண்டிக்கடியில் ஒன்று போனது!"
குனிந்து பார்த்தேன்.
மஞ்சள் கோடு போட்ட பென்சில் பருமன் உடல்,
விலாவில் சிவப்புப் பொட்டுகள்.
முன் அச்சைச் சுற்றி,
நான் போட்ட சூட்டில்,
குடியேறிவிட்டிருந்தது.

ஸ்வாவாவைப் பார்த்தேன்.
"வண்டி உன்னுடையது" என்றாள்.
நல்லவள் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

ஜல்லியில் மல்லாந்து படுத்தேன்.
முதுகில் ஈரம் ஏறியது.
படையே நடுங்கலாம் என்றால்
ஒரு பஸ் டிரைவர் நடுங்கக் கூடாதா?
கை எட்டவில்லை, பிறகு எட்டியது.
வழவழப்பாக இருக்குமென்று நினைத்தேன்,
இல்லை,
தைக்காத பைக்குள் உலர்ந்த கோதுமை நகர்வதுபோல.
என் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு
நாற்றத்தை முழுக்க என்மேல் கொட்டியது.
தலைமாட்டில் இரண்டு பூட்ஸ்.
ஒன்றுக்கு லேஸ் கட்டவில்லை.
டார்ச் வெளிச்சம் ஆடிக்கொண்டே இருந்தது.

புல்லோரம் கையை விரித்தேன்.
போகவில்லை.
ஆணா, பெண்ணா, பெண்வாசம் ஏந்திய ஆணா
என்று நானும் விசாரிக்கவில்லை.
உள்ளங்கையில் இருக்கும் வரை இருந்தது.
பிறகு புல் மட்டும் அசைந்தது.
அப்போதுதான் லூசியன்
தான் நிற்கும் இடத்தைக் குனிந்து பார்த்தான்.

அன்றைய படிவத்தில்
தாமதம்: இருபத்தைந்து நிமிடம்.
காரணம் என்ற கட்டத்தில்
'ஒரு பயணி இறங்க நேரமாயிற்று' என்று எழுதினேன்.
அலுவலகத்தில் யாரும் கேட்கவில்லை.

நாய் மட்டும் மூன்று நாள்
என் வலது கையை நம்பவில்லை.