நாற்பது சென்டிமீட்டர்

எந்த இயந்திரம் செய்வாய் என்று கேட்டார் அத்தை,
எஸ்கிஷெஹிரில் எனக்கு இடம் கிடைத்த அன்று.
எதுவும் இல்லை என்றேன்.
பாலம்? இல்லை. மின்சாரம்? இல்லை.
அப்புறம் அது என்ன பொறியியல் என்று
தேநீரில் இன்னொரு சர்க்கரைக் கட்டியைப் போட்டார்.

நான்கு ஆண்டு படித்த பின்பும்
அந்தக் கேள்விக்கு ஒற்றை வரிப் பதில் இல்லை.
வரிசைகளைப் பற்றிப் படித்தேன்,
வருகிறவர் வேகம், போகிறவர் வேகம்,
நடுவில் நிற்கிறவர் எத்தனை பேர்.
தேர்வுக்கு முந்தைய இரவு ஓர்ஹுனும் நானும்
போர்சுக் ஆற்றங்கரையில் எள்ளு ரொட்டி வாங்க நின்று
முன்னால் இருந்த ஒன்பது பேரைச் சூத்திரத்தில் போட்டோம்.
ஆறு நிமிடம் என்றது கணக்கு.
பதினொன்று ஆனது.
ரொட்டிக்காரர் ஒவ்வொருவரிடமும் நலம் விசாரித்தார்;
அதற்கு எங்கள் சூத்திரத்தில் எழுத்து இல்லை.

வீண் ஏழு வகை என்பது மூன்றாம் ஆண்டுப் பாடம்.
தேக்கி வைப்பது வீண். காத்திருப்பது வீண்.
நடப்பது வீண்.
பச்சை மையில் அடிக்கோடு போட்டு வைத்தேன்.

குளிர்பதனப் பெட்டி ஆலையில் வேலை.
ஆறு மாதம் தகுதிகாண் பருவம்.
நிறுத்துக் கடிகாரம், அட்டை, பென்சில்,
ஓர் அளவு பெரிதான பாதுகாப்புக் காலணி.

மூன்றாவது வரிசை, பதினேழாவது நிலையம்.
ஜெவ்ரியே.
கதவு விளிம்பில் காந்த ரப்பர் பதிப்பவள்.
ரப்பரை மாலைபோல் கழுத்தில் போட்டுக்கொண்டு
கட்டைவிரலை மூலைக்கு மூலை ஓட்டுவாள்,
உறையின் வாயை ஒட்டுவதுபோல.

முதல் நாள் நாற்பத்தொன்பது நொடி.
கடிகாரத்தைக் கண்டால் கை மெதுவாகும் என்று
புத்தகத்திலேயே இருக்கிறது,
கழித்துக்கொள்ளும் வழியும் இருக்கிறது.
மூன்றாம் நாள் அட்டைக்குப் பின்னால் ஒளித்துப் பிடித்தேன்.
திரும்பாமலே சொன்னாள்:
"நாப்பத்தொண்ணு. சரியாப் பாத்துக்கோ."
நாற்பத்தொன்றுதான்.

அதைப் பிரித்தேன்.
எடுக்க நான்கு, பதிக்க இருபத்தெட்டு, தட்டிப் பார்க்க ஐந்து.
அசதிக்கு நான்கு விழுக்காடு தனியே சேரும்,
சொந்தத் தேவைக்கு ஐந்து.
(தண்ணீர், கழிப்பறை, மூக்குச் சிந்துவது என்று
பேராசிரியர் விளக்கியபோது வகுப்பே சிரித்தது.)
மீதி நான்கு நொடி
ரப்பர் தொங்கும் சட்டத்துக்கு
ஓர் எட்டு போக, ஓர் எட்டு வர.

சட்டத்தை நாற்பது சென்டிமீட்டர் நகர்த்தினால் போதும்,
நின்ற இடத்திலேயே கை எட்டும்.
ஒரு ஷிப்டுக்கு நாற்பத்து நாலு நிமிடம் மிச்சம்.
மேலாளர் அல்ப்டெகின் கூட்டத்தில் என் பெயரை
இரண்டு முறை சொன்னார். ஒரு முறை சரியாக.
வேலை நிரந்தரமானது. சாம்பல் நிறக் கோட்டு வாங்கினேன்.
அத்தைக்குத் தொலைபேசியில் சொன்னேன்:
நான் நேரம் செய்கிறேன், அத்தை.
விலை என்ன என்று கேட்டார்.

சட்டம் நகர்ந்த பிறகுதான் தெரிந்தது.
அந்த ஓர் எட்டில்
அவள் இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி
முதுகை நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.
நான் அதற்கு "நடத்தல்" என்று பெயரிட்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை
சட்டம் பழைய இடத்தில் இருந்தது.
சக்கரம் கிடையாது. ஒரு ஆள் தூக்கும் எடையும் இல்லை.
தள்ளி வைத்தேன்.
செவ்வாய், மறுபடியும்.
யாரைக் கேட்டாலும் தோளைக் குலுக்கினார்கள்,
ஒரே அளவாக, பயிற்சி எடுத்தவர்கள்போல.
தரையில் மஞ்சள் நாடா ஒட்டினேன்:
சட்டம் இங்கேதான்.
புதன்கிழமை சட்டத்தோடு நாடாவும் நகர்ந்திருந்தது,
நான் ஒட்டியதைவிட நேராக.

குனிந்து அளந்தேன். நாற்பது.
எழும்போது என் முதுகு ஒரு சத்தம் போட்டது.

ஜெவ்ரியே ஓர் எட்டு வைத்தாள், நிமிர்ந்தாள்.
நான் கடிகாரத்தைத் தொடவில்லை
என்று சொல்லத்தான் ஆசை.
அழுத்தினேன். பழக்கம்.
நாற்பத்தொன்று.
"விலகல்" என்ற கட்டத்துக்கு மேல்
பென்சில் கொஞ்ச நேரம் நின்றது;
எவ்வளவு நேரம் என்று அளக்கவில்லை.
பதினெட்டாவது நிலையத்துக்கு நடந்தேன்.