தட்டைப் பாதங்கள், நாற்பத்தேழு

கல்லூரி மருத்துவ அறையில் என் வேலை
பாதி நாள் பாதம் பார்ப்பது.
தட்டில் இருக்கும் தண்ணீரில் காலை நனைத்து
பழைய செய்தித்தாளில் ஒரே ஒரு மிதி.
முழுதாய்ப் பதிந்தால் தட்டைப் பாதம்,
சனிக்கிழமை ராணுவப் பயிற்சி கிடையாது.
நடுவில் பிறைபோல் தாள் உலர்ந்திருந்தால்
போ தம்பி, மரத்துப்பாக்கியை எடு.

பனாய் தீவின் இந்தக் கரையில்
காரணங்களுக்குப் பஞ்சமில்லை.
அணிவகுப்பு நாளில் மட்டும் இரைக்கும் ஆஸ்துமா.
விசில் சத்தம் மட்டும் கேட்காத காது.
ஒருவன் தன் மாமாவின் எக்ஸ்-ரேயைக் கொண்டுவந்தான்,
தேதியைச் சுரண்டிவிட்டு.

எலிசேயோ சுமகாய்சாய் வெறுங்கையோடு வந்தான்.
"சனி எங்களுக்கு ஓய்வுநாள், நர்ஸ்.
வெள்ளி பொழுது சாய்ந்தால்
அம்மா அடுப்புகூட மூட்ட மாட்டாள்.
ஞாயிறு என்றால் விடியுமுன்னே வருகிறேன்."

விதிப்புத்தகத்தில் ஞாயிறு இல்லை.
விலக்குப் படிவத்தில் நான்கே கட்டங்கள்:
கண், காது, நெஞ்சு, கால்.
கடவுளை எந்தக் கட்டத்தில் எழுத?
இரண்டு வருடப் பயிற்சி முடிக்காதவனுக்குப் பட்டமும் இல்லை.
மேஜர் பர்ரியோஸிடம் போய்க் கேட்டேன்.
"ஏழாம் நாள் ஓய்வெடுத்தவரே வந்து நின்றாலும்
வருகைப் பதிவில் பூஜ்யம்தான்" என்று
தன் தொப்பியைத் துடைத்தார்.

எலிசேயோ மிதித்த தாளை
ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.
அப்படியொரு வளைவு.
அடியில் ஒரு தோணி போகும்.
எழுதினேன்: தட்டை.
அந்த ஆண்டின் நாற்பத்தேழாவது.

அதே மாதம்தான் தர அங்கீகாரக் குழு வந்தது.
அங்கீகாரம் போனால் மாணவர் போவார்கள்,
மாணவர் போனால் என் சம்பளமும்.
குருமடத்திலிருந்து முந்நூறு புத்தகம் இரவல் வாங்கி
முத்திரை தெரியாமல் அடுக்கினோம்.
ஓடாத எடை எந்திரத்தின் முள்ளை
நானே ஐம்பதில் நிறுத்தி வைத்தேன்.
கொடிமரத்துக் கற்களுக்குச் சுண்ணாம்பு
சனியன்று பயிற்சிப் பையன்கள் அடித்தார்கள்.
சனி இரவே மழை.
கல்லெல்லாம் பழைய கல்.

ஞாயிறு ஊரே பூசையில் இருக்க
எலிசேயோ தனியாக வந்து
நூற்றுப் பன்னிரண்டு கல்லையும் வெளுத்தான்.
யாரும் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை.
திங்கள் காலை பார்க்கிறேன்,
கொடிமரத்திலிருந்து குழாயடி வரை
சிமெண்டுப் பாதையில் வெள்ளை வெள்ளையாய்
வெறுங்கால் தடங்கள்.
ஒவ்வொன்றின் நடுவிலும்
தோணி போகும் இடம்.

தேய்த்தேன். தேங்காய் நார், மணல், மண்ணெண்ணெய்.
வாகனம் வாசலில் நின்றபோது
ஒன்றே ஒன்று மிச்சம்.
அதன்மேல் ஏறி நின்றுகொண்டு
விருந்தினரை வரவேற்றேன்.
என் செருப்போ ஐந்தாம் எண்.

டாக்டர் எஸ்கலோனா குனிந்து பார்த்துவிட்டு
ஒன்றும் பேசாமல் உள்ளே போனார்.
மருத்துவக் கோப்பை விரலால் எண்ணினார்.
"முந்நூறு பேரில் நாற்பத்தேழு தட்டைப் பாதமா?"
"மணல் ஊர் ஐயா."
கடைசித் தாளில் பெயர் படித்தார்.
"சுமகாய்சாய். பயிற்சி நேரத்தில் இவன் என்ன செய்வான்?"
"தெரியாது ஐயா. ஞாயிறு பார்த்திருக்கிறேன்."
அவர் எழுந்து எடை எந்திரத்தில் ஏறினார்.
ஐம்பது.
தன் தொப்பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
பேனாவை மூடினார்.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது.
மூன்று ஆண்டு அங்கீகாரம்.
நூலகத்துக்குத் திட்டு, கழிவறைக்குத் திட்டு,
என் எந்திரத்துக்கு இரண்டு வரி.
பதினோராவது பரிந்துரை:
கொடிமரத்துப் பாதையைச் சுத்தம் செய்யலாம்,
அவசரமில்லை.

படிவத்தில் இன்றும் நான்கு கட்டம்தான்.
பாதையை யாரும் தொடவில்லை,
மழைதான் கொஞ்சம் கொஞ்சமாய் அழித்தது.
முதலில் குதிகால்,
பிறகு அந்த வளைவின் ஓரம்.
கட்டைவிரல் மட்டும்
பட்டமளிப்பு விழா வரை இருந்தது.